புரவிப் பொட்டலுக்குப் போய் வா

அன்புள்ள தம்பி,

கல்லும் சருகும் உடைந்த ஓடும் கொண்டு வெட்டவெளியில் பெரிய சிற்பம் செய்ய ஆசை என்று எழுதியிருந்தாய். சண்டிகரில் நேக் சந்த், இடித்த வீடுகளின் கழிவையும் உடைந்த வளையலையும் வைத்து 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உருவாக்கிய பாறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாய். அவசியம் பார். அதற்கு முன் காரைக்குடியில் பஸ் ஏறிச் சிங்கம்புணரிக்குப் போ. சேவுகப்பெருமாள் அய்யனாருக்கு மண்ணில் குதிரை செய்து புரவி எடுக்கிற ஊர் அது.

ஊரார் கைப்பிடி மண்ணெடுத்துப் பிடிமண் கொடுத்த பிறகுதான், மண் வனையும் வேளார் வேலையைத் தொடங்குவார். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். வெறும் களிமண் என்றால் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். முதலில் நான்கு கால்கள், குழாய் போல உள்ளே கூடாக. அவை ஓரளவு இறுகிய பிறகுதான் வயிற்றை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் பிதுங்கும். இறுகிவிட்டதா என்பதை விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். உடம்பும் கூடுதான், அனல் உள்ளே புகுந்து வரத் துளை விடுவார்கள். வைக்கோல், வறட்டி, விறகு வைத்துச் சுட்டு, சுண்ணாம்பும் வண்ணமும் பூசியதும், புரவிகள் காத்திருக்கும் திடலான புரவிப் பொட்டலிலிருந்து ஊரே தோள்கொடுத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போகும்.

அப்புறம் வெயிலும் மழையும்தான். காது உதிரும், கால் உடையும், யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுப் புரவி வரும். உடைவதால்தான் வேளாருக்கு மறுபடி வேலை. அவர் பிள்ளைகளுக்கும் கை பழகும். புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் ஏறத்தாழ 33 அடி உயரக் குதிரை நிற்கிறது. மாசி மகத்தில் அதற்கு மாலைகள் குவியும். அந்தக் கம்பீரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்படியே என்றைக்கும் நிற்கட்டும் என்று மண்புரவி நின்ற இடத்தில் சிமென்ட் குதிரை கட்டிவிட்டால் வேளாரை மறுபடி அழைக்க வேண்டியதே இல்லை. அதைப் பெரிய இழப்பாகத்தான் நினைக்கிறேன்.

எடுப்பு நடக்கும் மாதம் ஊருக்கு ஊர் மாறும். விசாரித்துக்கொண்டு, திருவிழாவுக்குச் சில வாரம் முன்பே போ. வேளாரிடம் அனுமதி கேட்டு மண் மிதி. ஒன்று மட்டும் மறவாதே: கோயில் வாசலில் கிடக்கும் புரவித் துண்டு எதையும் எடுத்து வராதே. அது ஒருவருடைய நேர்த்திக்கடன். உடைசல் வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் கேள்.

அன்புடன்,
அண்ணன்