ஒரு ‘எஸ்’ எழுத்தும் முடியாத கவிதையும்

கவிதை படிக்கும்போது சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்திருக்கீங்களா? இன்னைக்குப் பார்ப்போம்.

நிக் மான்ட்ஃபோர்ட் ஒரு கவிஞர், எம்.ஐ.டி.யில் பேராசிரியர். (நம்ம குரோம்பேட்டை இல்லைங்க, அமெரிக்காவில் இருக்கிறது!) தைவானில் தரோகோ கோர்ஜ் என்ற மலைப் பள்ளத்தாக்கு ஒரு தேசியப் பூங்கா. 2009-ல் அங்கே போனவர், அதே பெயரில் ஒரு கவிதை எழுதினார். முதலில் பைத்தானில், பிறகு ஜாவாஸ்கிரிப்டில். பிரவுசரில் திறந்தால் வரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். நாம் மூடும்வரை நிற்காது.

உள்ளே பெரிய ஏ.ஐ. மாடல் எதுவும் கிடையாது. மேலே இருப்பவை, கீழே இருப்பவை, அவை செய்யும் செயல்கள் என்று சின்னச் சின்ன சொல் பட்டியல்கள். அவற்றிலிருந்து ரேண்டமாக எடுத்து வரியாகக் கோக்கும் சில ஃபங்ஷன்கள். அவ்வளவுதான்.

“ரேண்டம்னா இதுல கவிஞர் எங்கே?”ன்னு கேட்பீங்க. பட்டியலில் எந்தச் சொல் இருக்கணும், எது கூடாது என்பது அவர் முடிவு. ‘காடு’ என்ற சொல் வந்தால், எப்போதாவது அதற்குப் பதிலாகக் குரங்குகள் வரும். அதற்கென்றே ஒரு இஃப் கண்டிஷன். நிஜக் காட்டிலும் குரங்கு நாம கூப்பிட்டா வராதே!

இன்னொரு அழகான இடம் இலக்கணம். ‘கிளவுட் மூவ்ஸ்’, ‘கிளவுட்ஸ் மூவ்’ இரண்டையும் பாருங்க. ஒருமை என்றால் ‘எஸ்’ வினையில், பன்மை என்றால் பெயரில். ஆக, 0 அல்லது 1 என்று ஒரே ஒரு வேரியபிள் போதும், வாக்கியம் சரியாக அமைந்துவிடும்.

இந்தக் கோடை எடுத்து, சொற்களை மட்டும் மாற்றி, ஸ்காட் ரெட்பெர்க் ‘டோக்கியோ காரேஜ்’ செய்தார். அவருக்குப் பிறகு இன்னும் பலர்.

அப்போ தமிழ்ச் சொற்களைப் போட்டால்? உடனே உடையும். மரம், மரத்தை ஆகிறது. ஆறு, ஆற்றை ஆகிறது. பாறை, பாறையை ஆகிறது. ‘மலை நிற்கிறது’, ஆனால் ‘மலைகள் நிற்கின்றன’. ஒரு ‘எஸ்’ஸை இடம் மாற்றி இதைச் சமாளிக்க முடியாது. ஸ்கூலில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த புணர்ச்சி விதிகளை இங்கே ஃபங்ஷனாக எழுதணும். வேற்று மொழிக்கு எழுதின கோடில் நம்ம சொற்களைத் திணித்தால், வருவது உடைந்த தமிழ்தான். தமிழுக்கான லாஜிக்கைத் தமிழ் தெரிந்தவர்தான் எழுத முடியும்.

இந்த வாரப் பயிற்சி: உங்க ஊரில் ஓர் இடம். எட்டுப் பெயர்ச்சொல், எட்டு வினைச்சொல், ‘ஐ’ உருபைச் சரியாகச் சேர்க்க ஒரு ஃபங்ஷன். ஓட்டிப் பாருங்க. எந்தச் சொல்லை நீக்கணும்னு தோணுதோ, உங்க கவிதை அங்கேதான் ஆரம்பிக்குது.