லினக்ஸ் கணினியில் மின்கையொப்ப டோக்கன்

இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பெற்ற ஊர் திருவனந்தபுரம். இங்கு லினக்ஸ் கணினியில் மின்கையொப்ப டோக்கனைப் பயன்படுத்த விழையும் வாடிக்கையாளர்கள் உளர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

டோக்கன் என்பது யுஎஸ்பி உறைக்குள் அடங்கிய ஸ்மார்ட் கார்டே. கணினி அதனை அறிய, முதலில் 'பிசிஎஸ்சிடி' என்னும் சேவை இயங்க வேண்டும். அடுத்து, ஓப்பன்எஸ்சி என்னும் திறமூல மென்பொருளை நிறுவி, அதன் பிகேசிஎஸ்-11 நூலகக் கோப்பை ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் 'பாதுகாப்புச் சாதனங்கள்' பகுதியில் சேர்த்தால் சான்றிதழ் தென்பட வேண்டும்.

தென்படாவிடின்? இங்கேதான் பொறுமை தேவை. தயாரிப்பாளரின் மென்பொருளால் அமைக்கப்பட்ட டோக்கனை ஓப்பன்எஸ்சி சிலவேளை வெற்று டோக்கனாகக் காட்டும். உள்ளே சான்றிதழ் நலமாகவே இருக்கும். வெற்றென நம்பி, டோக்கனைப் புதிதாக அமைக்கும் கட்டளையை இடுவோர் தம் அந்தரங்கத் திறவுகோலை இழப்பர். டோக்கனுக்குள்ளேயே உருவாகும் அத்திறவுகோலுக்கு நகல் கிடையாது. சான்றிதழுக்கு மீண்டும் விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்த நேரும். மாறாக, தயாரிப்பாளர் தரும் லினக்ஸ் நூலகக் கோப்பை அதே பகுதியில் சேர்த்துப் பார்க்கலாம். அது திறமூலமன்று என்பது மெய்தான், திறவுகோல் பிழைக்கிறதே!

பின் நம்பரையும் ஊகித்து இடலாகாது. சில தவறான முயற்சிகளிலேயே டோக்கன் பூட்டிக்கொள்ளும்.