மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஓமோன் சிகிச்சை எடுக்கலாமா?

பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஓமோன் குறைவதே இதற்குக் காரணம். திடீரென உடல் கொதித்தல், இரவு வியர்வை, நித்திரையின்மை, பிறப்புறுப்பு வறட்சி என்பன ஏற்படலாம். குறைந்த ஓமோனை மருந்தாகக் கொடுப்பதே ஓமோன் சிகிச்சை.

முன்பு யேர்மனியில் இது தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 2002இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டதும் அச்சம் பரவியது. அதில் தெரியவந்தது இதுதான்: ஓராண்டில் 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், மருந்து எடுக்காதவர்களில் 30 பேருக்கும் எடுத்தவர்களில் 38 பேருக்கும் மார்புப் புற்றுநோய் வந்தது. பக்கவாதம் 21இலிருந்து 29 ஆகக் கூடியது. இடுப்பு எலும்பு முறிவோ 15இலிருந்து 10 ஆகக் குறைந்தது. அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்றைய நிலைப்பாடு என்ன? 60 வயதுக்கு முன், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால், கடும் தொல்லை உள்ளவர்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம். குளிசையை விட, தோலில் ஒட்டும் பிளாஸ்டர் அல்லது பூசும் ஜெல்லில் இரத்தம் உறையும் ஆபத்துக் குறைவு. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக்கூடாது. கருப்பைப் புற்றுநோயைத் தடுக்க இரண்டாவது ஓமோனும் தேவை. வறட்சி மட்டும் என்றால் அவ்விடத்தில் பூசும் கிறீமே பெரும்பாலும் போதும்.

மார்புப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், கடும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சை பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

ஆகவே வைத்தியரிடம் எதையும் மறைக்கக்கூடாது. எமது தாய்மார் பலர் மொழிபெயர்ப்புக்கு மகனை அழைத்துச் செல்கிறார்கள். அவன் முன்னால் இரத்தப்போக்கைப் பற்றி எப்படி வாய் திறப்பது? சொல்லாமல் விட்ட அந்த விடயமே ஆபத்தாக முடியலாம். நம்பிக்கையான ஒரு பெண்ணைக் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் நோய்களையும், தாய், சகோதரிகளுக்கு வந்த நோய்களையும், எடுக்கும் மருந்துகளையும் யேர்மன் மொழியில் எழுதிக் கொண்டுபோங்கள்.

சிகிச்சை தொடங்கினால் ஆண்டுக்கொரு முறை அது இன்னும் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 50 முதல் 75 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்யக்கூடிய மார்புப் பரிசோதனையை ஒதுக்கி வைக்காதீர்கள்.