நிலைத்த தேகபலம்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய கடலோர ஊர்களில் மீன்பிடிப்போர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் தேகபலமே மூலதனம். அது குறைந்தால் குடும்பம் கடனில் விழும். அதைப் பேணும் வழிகள் மூன்று.

1. பயிற்சி: மூட்டை சுமப்பவனுக்குப் பயிற்சி எதற்கு என்பர் சிலர். தொழில் சில தசைகளையே ஓயாது வருத்தும். பயிற்சியோ உடல் முழுவதையும் அளவாக இயக்கும். வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய குத்துச்சண்டைப் பரம்பரைகள் புகழ்பெற்றிருந்தன. மேடையில் கண்ட சில நிமிஷ வீரத்துக்குப் பின்னே நெடுநாளைய அப்பியாசம் இருந்தது. வாரத்துக்கு 150 நிமிஷமேனும் வேக நடை போன்ற மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைப்பயிற்சியும் வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் கூறியது. பத்துத் தண்டால், பத்து பஸ்கி எனத் தொடங்கலாம்.

2. ஆகாரம்: 1920களில் குன்னூரில் மக்காரிசன் என்னும் வைத்தியர் பல மாகாணத்து உணவுகளை எலிகளுக்கு அளித்துச் சோதித்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்டவை செழித்தன. அரிசியே மிகுந்த சென்னை உணவை உண்டவை மெலிந்தன. இதற்காகக் கோதுமையைத் தேடவேண்டுவதில்லை. தீட்டிய அரிசியைக் குறைத்து, கேழ்வரகுக் கூழ், பயறு, முருங்கைக்கீரை, காசிமேட்டில் கிடைக்கும் நெத்திலி ஆகியவற்றைச் சேர்த்தாற் போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

3. மனம்: முதல் வாரத்து உற்சாகத்தில் மிதமிஞ்சிச் செய்து, உடல்வலி கண்டு கைவிடுவோர் பலர். குறித்த நேரமும் உடன்பயிலும் தோழரும் இருந்தால் பழக்கம் நிலைக்கும். ஒரு நாள் தவறினால் மறுநாளே தொடர்க. சிறுசேமிப்பைப் போலவே தேகபலமும் சிறுகச் சிறுகத் தவணை தவறாது சேர்க்கத்தக்கது.