முன்ஷி அப்துல்லாவின் சுயசரிதையும் நம் பேரேடுகளும்



பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பாரத்தில் ‘இனம்’ என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது? சுபாங் ஜெயாவில் நம்மவர் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. 1957ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 160ஆம் பிரிவு, மார்க்கம், பேசும் மொழி, பழக்கவழக்கம் இவற்றோடு இந்நாட்டுப் பிறப்புத் தொடர்பையும் கொண்டே மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கிறது. பாட்டனார் எந்தக் கரையிலிருந்து கப்பலேறினார் என்று அது கேட்பதில்லை. ஆகவே ஒரே வம்சத்தில் சிலர் மலாய்க்காரர் என்றும் சிலர் இந்தியர் என்றும் பதிவாகியிருக்கிறார்கள்.

கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். புத்தகத்தில் அப்படியல்ல. முன்ஷி அப்துல்லா 1843இல் எழுதி முடித்து, 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளியிட்ட ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்ற சுயசரிதையை நம்மவர் அவசியம் படிக்க வேண்டும். தற்கால மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் இவர் நம் நாகூரோடு உறவுடையவர். முப்பாட்டனார் யமன் தேசத்து அரபி. நாகூரில் மணம் முடித்தவர். அவருடைய மகன் மலாக்காவுக்கு வந்து சேக் மீரா லெப்பையின் மகளை மணந்தார். அந்த அம்மையாரின் பெயரை ‘பெரி ஆச்சி’ என்று மலாய் நூலில் காண்கிறோம். நம் காதில் அது பெரியாச்சி என்றல்லவா ஒலிக்கிறது! கம்போங் பாலியில் ஆணும் பெண்ணுமாகப் பெரும் கூட்டமான பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஆசிரியை அவர்.

வியாபாரிகள் ஊன்றிப் படிக்கத்தக்க இடம் ஒன்றுண்டு. சிறு பிராயத்தில் தந்தையார் அப்துல்லாவைத் தமிழ் படிக்க அனுப்பினார்; இரண்டரை வருஷம் படித்தார். காரணம் என்ன? மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது பரம்பரை வழக்கம். கணக்குப் பார்க்கவும் வர்த்தகரோடு பேசவும் அது வேண்டியிருந்தது. தமிழ் அங்கே ஓர் இனத்தின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை; கடைத்தெருவின் பொதுச் சொத்தாகவும் இருந்தது.

அப்துல்லா சேர்ந்து வாழ்ந்த உலகம் மலாய் உலகம். ஆயினும் மலாய்க்காரர் தம் மொழியை முறையாகப் படிப்பதில்லையே என்று கடிந்துகொள்ளும்போது சற்று விலகி நின்றே பேசுகிறார். உள்ளே இருப்பவரா, வெளியே இருப்பவரா? இரண்டுமாக இருக்கிறார், அதை மறைக்கவும் இல்லை. வெள்ளைக்காரரை, முக்கியமாக ராபிள்ஸ் துரையை, அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டார் என்பது நம் அபிப்பிராயம். அந்தப் புகழ்ச்சியும் அவர் எங்கே ஆதரவு தேடினார் என்பதைக் காட்டத்தான் செய்கிறது. 1854இல் ஹஜ்ஜுப் பயணத்தில் காலமானார்.

நிற்க. சுபாங் ஜெயா 1970களின் நடுவில் சீபீல்டு தோட்டத்து நிலத்தில் எழுந்த ஊர். தோட்டத்து ஜனங்களைத் தவிர மற்றவரெல்லாம் வேறிடத்திலிருந்து வந்தவர்களே. பாட்டனார் கடை இருந்த தெரு இது என்று பேரனுக்குக் காட்ட முடியாது. ஆனால் பல வீடுகளில் பழைய பேரேடும் ஊர்க் கடிதக் கட்டும் பெட்டிக்குள் கிடக்கின்றன. பெரியவர் இருக்கும்போதே அவற்றை அவர்முன் விரித்து வையுங்கள். எந்தத் துறையில் இறங்கினார், முதல் கடையில் யாரிடம் கடன் சரக்கு எடுத்தார், வீட்டில் எந்த மொழி எப்போது குறைந்தது என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். பேரேட்டில் தமிழ்க் கையெழுத்து எந்த வருஷத்தோடு நிற்கிறது என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.