பொழுதை விற்றவருக்கு ஒரு நாட்காட்டி

ஓசூர்

அன்புள்ள பேத்திக்கு,

சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள்ளாகவே வருகிற பருவத்துக்குரிய கல்வி நாட்காட்டியைத் தயாரிக்கும் பொறுப்பு உன் தலையில் விழுந்துவிட்டதென்றும், சென்ற ஆண்டின் தாளை எடுத்துத் தேதிகளை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால் போதுமென்று மூத்தவர் ஒருவர் யோசனை சொன்னாரென்றும் எழுதியிருந்தாய். அவரைக் குறை சொல்லாதே. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். அது தவறென்று எனக்கு உணர்த்தியவர் லேத் ஓட்டும் மாணவர் ஒருவர்.

மாலை வகுப்புகளை நான் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், வெளியூரிலிருந்து வரவேண்டிய தேர்வாளருக்குச் சௌகரியப்படவில்லை என்பதற்காக, ஒரு புதன்கிழமை நடக்கவிருந்த செய்முறைத் தேர்வை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். ஐந்து நாள் தாமதத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்பது என் எண்ணம். ஆனால் அந்த மாணவரோ, புதன்கிழமையை உத்தேசித்து உடன் வேலை செய்பவரிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டு, அதற்கு ஈடாக அவருடைய நைட் ஷிப்டைத் தாம் பார்த்துக்கொடுப்பதாக வாக்கும் கொடுத்திருந்தார். திங்கட்கிழமைக்கு இன்னொரு முறை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தேர்வுக்கு வரவில்லை, பிறகு வகுப்புக்கும் வரவில்லை. நான் மாற்றியது தாளில் ஒரு வரி. அவர் இழந்தது ஒரு படிப்பு.

சாதாரணக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் பொழுது பெரும்பாலும் கல்லூரிக்கே உரியது. அங்கே ஒரு தேதி நகர்ந்தால் அவன் முணுமுணுத்துவிட்டுச் சினிமாவுக்குப் போவான். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அடுத்த ஆண்டில் சென்னையிலும் நம் நாட்டில் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகளோ, படிப்பை இடையில் விட்டவர்களையும் உழைத்துக்கொண்டே கற்க விரும்புகிறவர்களையும் உத்தேசித்து எழுந்தவை. அவர்கள் தம் பொழுதின் பெரும்பகுதியை முன்னதாகவே கூலிக்கு விற்றுவிட்டவர்கள். மிஞ்சிய பொழுதிலிருந்துதான் நீ பருவத்தைத் தைக்க வேண்டும் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்.

இனிக் கணக்குக்கு வருவோம். பருவமொன்றுக்கு 90 வேலை நாட்கள். வாரத்துக்கு 6 நாளென்றால் 15 வாரங்கள். பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த சமுதாயக் கல்லூரித் திட்டத்தில், ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புக்கு 30 கிரெடிட்டுகள். அவற்றில் தொழில்திறனுக்கு 18, பொதுக் கல்விக்கு 12. கிரெடிட் ஒன்றுக்கு 15 மணி என்று கொண்டால் மொத்தம் 450 மணி. 90 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 5 மணி. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று, போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் கழிப்பவரிடம் இன்னும் ஐந்து மணி கேட்பது நியாயமாகாது. ஆனால் தொழிற்சாலையில் பெறும் பயிற்சியை, வகுப்பு நேரத்தின் பாதி மதிப்பாகக் கணக்கில் கொள்ள அதே திட்டம் இடம் தருகிறது. எட்டு கிரெடிட்டுகளை அங்கே ஒப்படைத்தால் 240 மணி, அதாவது 30 ஷிப்டுகள், பயிற்சியாகிவிடும். வகுப்பறைக்கு எஞ்சுவது 330 மணி, நாளொன்றுக்கு 3 மணி 40 நிமிடம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த பின்பே விடுமுறைப் பட்டியலைக் கையில் எடு.

எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாள்முதல் இந்த ஊரின் கடிகாரம் ஷிப்டுதான், தெருவில் யாரையாவது நலம் விசாரித்தால்கூட, “இந்த வாரம் என்ன ஷிப்ட்?” என்பதே அடுத்த கேள்வி. காலை 6 முதல் 2, பகல் 2 முதல் 10, இரவு 10 முதல் 6 என்று மூன்றும் வாரந்தோறும் சுழல்கிற இடத்தில், காலையில் மட்டும் வகுப்பு வைத்தால் ஒவ்வொரு மாணவரும் மூன்று வாரத்தில் ஒரு வாரமே செம்மையாக வருவார். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் உடலால் வந்து உறக்கத்தால் விலகியிருப்பார். ஆகவே ஒரே பாடத்தை அதே நாளில் காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் நடத்த ஏற்பாடு செய். பகல் ஷிப்டுக்காரர் காலையில் வரட்டும். மற்ற இருவரும் மாலையில் வரட்டும். பதினைந்து வாரம் மூன்றால் மீதமின்றி வகுபடுவது நமது அதிர்ஷ்டம்: ஐந்து சுழற்சிகள், சுழற்சிக்கு ஒரு சிறு தேர்வு.

அடுத்தது எல்லை. உன் மாணவர்களில் சிலர் சிப்காட்டில் வேலை செய்ய, வேறு சிலர் ஜூஜூவாடியைத் தாண்டிக் கர்நாடகத்திலுள்ள அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறார்கள். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலைகளுக்குக் கட்டாய விடுமுறை தேசிய நாட்கள் நான்கும் பண்டிகை நாட்கள் ஐந்துமாக ஒன்பதே. கல்லூரியின் நீண்ட பட்டியலைப் பார்த்து மாணவரும் ஓய்ந்திருப்பார் என்று எண்ணிவிடாதே. கர்நாடகத் தொழிற்சாலைகளுக்கு நவம்பர் 1 ராஜ்யோத்சவ விடுமுறை உண்டு, நமக்கு இல்லை. அந்த ஒரு நாள், அப்பால் வேலை செய்பவர்களுக்கு முழுநாள் செய்முறைப் பயிற்சி வைக்கத் தக்க நாள். அதற்கு மாறாக, மாட்டுப் பொங்கலன்று நாம் வீட்டில் இருக்க அவர்கள் இயந்திரத்தின் முன் நிற்பார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே பெஞ்சில் அமரும் ஊர் இது. யுகாதி, சந்திரசூடேசுவரர் தேர், ரம்ஜான், ஆயுத பூஜை ஆகியவற்றைச் சுவர்க் காலண்டரில் மட்டும் பார்த்தால் போதாது. ரம்ஜான் ஆண்டுக்குச் சுமார் பதினோரு நாள் முன்னே நகர்வது. சென்ற ஆண்டின் தாளை நம்பினால் நோன்பாளியைத் தேர்வு அறையில் உட்காரவைப்பாய்.

மண்ணுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் மாங்காய் பறிப்பும் கூழ் ஆலைகளும் குடும்பங்களை முழுமையாக இழுத்துக்கொள்ளும். ஜூன் தொடக்கத்தில் சேர்க்கையை முடித்துக் கதவடைத்தால் அவர்களை வாசலிலேயே நிறுத்தியதாகும். தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் ராகி முற்றும் நாட்களில் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வருவதை நீ அறிவாய். அந்த மாதங்களில் அவ்வூர் மாணவரைக் காலை வகுப்புக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றிவிடு. வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் நிரம்புவதற்காக ஒருவர் இருட்டில் வயல்வரப்பில் நடக்க வேண்டியதில்லை.

பிறருடைய பொழுதை வகுப்பதில் எவ்வளவு பெரியவரும் இடறக்கூடும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராயிருந்த 1953-இல், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றார். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில் இரண்டு பிரிவாகப் பலரைப் படிக்கவைக்கலாம் என்பது அதன் கணக்கு. ஆனால் அந்த எஞ்சிய பொழுது, செருப்புத் தைப்பவர் மகனைச் செருப்புக்கும் சலவைத் தொழிலாளியின் மகனை வெள்ளாவிக்கும் கட்டிவிடும் என்று எதிர்ப்பு மூண்டது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. உழைப்பவர்தாமே என்று இரக்கப்பட்டுப் பாடத்தைக் குறைப்பதும், அவரைக் கேளாமலே நேரத்தை நிர்ணயிப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பதே நான் இதிலிருந்து கொண்ட படிப்பினை. நேரத்தை வளைத்துக் கொடு, பாடத்தைக் குறைக்காதே.

கடைசியாகச் செய்முறை. முதலில் பல்கலைக்கழகத் தேர்வு நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணு. ஆறு மாதத்துக்கு 26 வாரங்கள். பாடத்துக்கு 15, தேர்வுகளுக்கு 3, தாள் திருத்தி முடிவு வெளியிட 3 போக மிஞ்சும் ஐந்தில் பண்டிகைகள் அடங்கட்டும். அவற்றிலும் ஆறு நாட்களை எதற்கும் பெயரிடாமல் ஒதுக்கி வை. மழையோ, பஸ் நிறுத்தமோ, அரசு திடீரென்று அறிவிக்கும் விடுமுறையோ வந்தால் அந்த நாட்களிலிருந்து ஈடு செய்யலாம், அறிவித்த தேர்வைத் தொடவேண்டியிராது. வரைவு முடிந்ததும் முதல்வரிடம் கொண்டுபோகுமுன், ஷிப்ட் போடும் சூப்பர்வைசர் ஒருவரிடமும், எல்லை தாண்டி வேலைக்குப் போகும் பெண் ஒருத்தியிடமும், கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் மாணவர் ஒருவரிடமும் காட்டு. அவர்கள் பென்சிலால் அடித்துக் கொடுப்பதுதான் உன் உண்மையான வரைவு.

அச்சான பின் ஒரு தேதியையும் மாற்றாதே, அம்மா. யாரோ ஒருவர் அதற்காக ஏற்கெனவே ஷிப்ட் மாற்றியிருப்பார்.

இப்படிக்கு,
உன் தாத்தா