மனச்சோர்வுக்கு 'ஆப்': ஒன்பதாவது கேள்விக்கு யார் பொறுப்பு?

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி தன் தாயாருடன் வந்தாள். தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் நாட்டமில்லை. நாடி பார்த்தேன். "மனசுல ஏதாவது குறையாம்மா?" என்றேன். செல்போனை எடுத்து நீட்டினாள். "எல்லாத்தையும் இதுல எழுதியிருக்கேன் டாக்டர்."

நான்கு மாதமாகத் தினமும் ராத்திரி ஒரு 'ஆப்'பிடம் பேசியிருக்கிறாள்! பெற்ற தாய்க்கே தெரியாது. தாயாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவள் சம்மதத்தோடுதான் படித்தேன்.

மனச்சோர்வை அளக்க 'பி.எச்.க்யூ-9' என்றொரு கேள்வித்தாளை டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். கடந்த 2 வாரமாக எப்படி இருக்கிறீர்கள் என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தூக்கம், பசி, களைப்பு என்று போகும் கேள்விகளில் கடைசியானது, செத்துப்போனால் தேவலை என்றோ, உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அவள் அதற்கு 2 போட்டிருந்தாள். அதாவது, பாதி நாட்களுக்கு மேல்! ஆப் என்ன செய்தது? கூட்டுத்தொகையைக் காட்டி, ஒரு டெலிபோன் நம்பரையும் காட்டியது. அது வெளிநாட்டு நம்பர். அடுத்து, மூச்சுப் பயிற்சி.

எனக்கு உறுத்துவது இதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கிற வைத்தியன், வருகிற பதிலுக்கும் பொறுப்பேற்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவனுக்கு உரிமை கிடையாது. எங்கள் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மொழியும் விழியும் உண்டு. குரல் கம்முவதும் கண் தாழ்வதும் தட்டெழுத்தில் தெரியுமா? (நாடியைத் தொட்டாலே மனசு முழுக்கத் தெரிந்துவிடும் என்று சொல்லும் வைத்தியர்களையும் நான் நம்புவதில்லை!)

அதற்காக எல்லா ஆப்பும் மோசம் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024-ல் 'ரிஜாய்ன்' என்ற மனச்சோர்வு ஆப்புக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். 22 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், வைத்தியரை நிறுத்திவிட்டு அல்ல.

"நீ எழுதினதெல்லாம் எங்கே போகுதுன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "தெரியாது டாக்டர். 'சம்மதம்'னு இருந்துச்சு, அமுக்கிட்டேன்." மனசு ஒடிந்து கிடப்பவர் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் நிபந்தனைகளைப் படிப்பாரா? அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? 'பெட்டர்ஹெல்ப்' என்ற அமெரிக்க ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம், ரகசியம் காப்போம் என்று சொல்லிவிட்டு, வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற கம்பெனிகளுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு அரசு அமைப்பே குற்றம் சாட்டியது. 2023-ல் அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் தர வேண்டியதாயிற்று.

"அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?" என்றாள் பயந்துபோய்.

நானும் ரகசியம் காக்க வேண்டியவன்தானே! "மத்ததெல்லாம் உன்னோட விஷயம். சாகத் தோணுதுங்கறதை மட்டும் மறைக்க முடியாதும்மா. நீயே சொல்லு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். கால் மணி நேரம் அழுதாள். அப்புறம் தாயாரைக் கூப்பிட்டோம். அன்று மாலையே மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். என் கஷாயமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெற்றோரே, இதைப் படித்துவிட்டுப் பிள்ளையின் செல்போனைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-க்குப் போன் செய்யலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.